கருப்பாயி பிடித்த மூன்று எலிகள்

பதுளைக்கு இன்னும் ரயில் வராத காலம் அது. எங்கள் தேயிலைத் தோட்டம் மடுல்சீமைப் பக்கம். அரிசி மூட்டைகள் லுணுகலை வரை மாட்டு வண்டியில் வந்து, அங்கிருந்து ஆட்களின் தலைமேல் மலையேறும். அப்படி வந்து சேர்ந்த அரிசியை எங்களுக்கு முன்பே எலிகள் ருசி பார்த்துவிடும். அந்தத் தோட்டத்தில் எலி பிடிப்பதில் எங்கள் கருப்பாயியை மிஞ்ச வேறு பூனை கிடையாது. இதை யார் முன்னால் வேண்டுமானாலும் சொல்வேன்.

கருப்பாயி என்பது என் அத்தையின் பெயரும்கூட. அதனால் அத்தை வரும் நாட்களில் மட்டும் அதை வெறும் பூனை என்று கூப்பிடுவோம்.

எனக்கு ஏழு வயதிருக்கும். துரை பங்களாவில் கோழிக்குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கீரி தின்றதோ, பருந்து தூக்கியதோ, பங்களா சமையல்காரர் பழியை நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துப் பூனைகள் மேல் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாப் பூனைகளையும் சாக்கில் கட்டி, ஆற்றுக்கு அப்பால் காட்டில் விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தக் காட்டில் சிறுத்தை உண்டு. நான் சோற்றைத் தொடாமல் அழுதேன்.

என் அப்பா, தோட்டத்து அரிசியைப் பூட்டி வைக்கும் அறையான அரிசிக் காம்பராவில் மூட்டை அடுக்குகிறவர். யாரிடமும் வாய் திறந்து ஒன்றும் கேட்காத மனிதர். அன்று தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, கணக்கப்பிள்ளை முன்னால் போய் நின்றார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

"எங்க பூன நல்லா எலி புடிக்குங்க. அரிசிக் காம்பராவுக்கு ஒன்னு இருந்தா நல்லதுங்க" என்றார் அப்பா.

"ஞாயித்துக்கெழம உள்ள விட்டுப் பூட்டுவோம். புடிச்சா இருக்கட்டும். இல்லேன்னா காட்டுக்குத்தான்" என்றார் கணக்கப்பிள்ளை.

வேலை செய்யாதவருக்கு லயத்தில் இடமில்லை என்பது தோட்டத்துச் சட்டம். அதைப் பூனைக்கும் பொருத்தியதில் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

வயிறு காய்ந்த பூனைதான் எலி பிடிக்கும் என்று ஊரே சொல்லும். எனவே சனிக்கிழமையிலிருந்து கருப்பாயிக்குப் பட்டினி. "ஒரு பருக்க போட்டேன்னு தெரிஞ்சுது, தோல உரிச்சிருவேன்" என்று அம்மா என்னிடம் சொல்லி வைத்திருந்தாள். ஞாயிறு காலையில் அம்மா பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனதும் அது என் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. பரீட்சைக்குப் போகிற பிள்ளையை யாராவது வெறும் வயிற்றோடு அனுப்புவார்களா? கூரையில் தொங்கிய சரத்திலிருந்து நான்கு கருவாட்டை உருவிக் கொடுத்தேன். அது தின்று முடித்து, முகம் துடைத்து, அடுப்போரம் சுருண்டு படுத்தது. கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருட்டு என்று பூனை நினைக்குமாம். நானும் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

அம்மா எனக்குத் தலை வாரும்போது என் கையை எடுத்து ஒருமுறை முகர்ந்தாள். பிறகு சரத்தை நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. வெளியே போய் அப்பாவிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியைத் தொடாத அப்பா, அதைத் தோளில் போட்டுக்கொண்டு, மழைத்தண்ணீர் ஓடும் கானோரமாக இறங்கிப் போனார். உச்சி வெயிலில் திரும்பி வந்தபோது முழங்கால் வரை சேறு. வலது கைவிரலில் துணி சுற்றியிருந்தது. மண்வெட்டி பட்டுவிட்டது என்றார்.

அப்பாவே கருப்பாயியைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார். சாக்கு கனத்துத் தொங்கியது. நாலு கருவாட்டுக்கு இவ்வளவு கனமா என்று சாக்கையே பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். அப்பா அரிசிக் காம்பராவுக்குள் போய்ப் பூனையை விட்டுவிட்டு, வெறும் சாக்கோடு வெளியே வந்தார். கணக்கப்பிள்ளை பூட்டினார். லயமே வாசலில் கூடி நின்றது. தின்ற பூனை தூங்கும் என்று எனக்குத் தெரியும். கருப்பாயி சிறுத்தை வாயில் போனால் அது என்னால்தான் என்றும் தெரியும். நான் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

வெயில் சாய்ந்ததும் கதவு திறந்தது. கருப்பாயி மூட்டை மேல் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கீழே மூன்று பெருச்சாளிகள் செத்துக் கிடந்தன. மூன்றும் ஒரே பக்கம் தலை வைத்து, காலையில் கொம்பு ஊதியதும் ஆட்கள் பெரட்டில் நிற்பார்களே, அப்படி ஒழுங்கான வரிசை.

கணக்கப்பிள்ளை குனிந்து ஒன்றைப் பிரம்பால் புரட்டினார். அதன் மயிரில் சேறு காய்ந்திருந்தது. நிமிர்ந்து அப்பாவின் காலைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார்.

"பெரட்டு தெரிஞ்ச பூனையா இருக்கேப்பா. இருந்துட்டுப் போகட்டும்" என்றார் கணக்கப்பிள்ளை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வயிறு நிறையக் கருவாடு தின்றுவிட்டு மூன்று பெருச்சாளி. அதுவும் வரிசையாக. கருப்பாயியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, லயத்தில் ஒரு காம்பரா விடாமல் ஏறி இறங்கிச் சொன்னேன். அன்று என் நெஞ்சு நிறைந்திருந்த மாதிரி, பிறகு என் கல்யாணத்தன்றுகூட நிறையவில்லை.

விளக்கு வைத்ததும் அப்பா அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் விரலுக்கு மஞ்சளைச் சுட வைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தாள். கருப்பாயி என் மடியில் இருந்தது.

"ஏம்ப்பா, நீங்க என்னைக்காச்சும் ஒரு எலி புடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அம்மாவின் கை நின்றது.

"இல்ல தாயி" என்றார் அப்பா. "நமக்கு ஏது அந்தச் சாமர்த்தியம்."

அவரைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது.