வாசலோடு போன வைத்தியம்

அப்பாவின் கால் வீக்கம் வடியவே இல்லை. டாக்டர் வரும்போதெல்லாம் அண்ணன் வாசலில் நின்று அவரோடு பிரெஞ்சில் பேசுவார். இருவருக்கும் தாய்மொழி தமிழ்தான். ஆனால் பிரெஞ்சில் பேசுவதுதானே புதுச்சேரி கௌரவம்! பெண்கள் அங்கே போகக்கூடாது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டால், "ஓய்வா இருக்கணுமாம்" என்பார்.

ஒருநாள் வீக்கம் முழங்காலைத் தாண்டியது. பொறுக்க முடியாமல், அப்பாவுக்கு வைத்த கருவாட்டுக் குழம்போடு அவர்கள் பேசிக்கொண்டிருந்த வாசலுக்கு நானே போனேன்.

"ஐயா, இத அப்பாவுக்குக் குடுக்கலாமா?"

டாக்டர் பதறினார். "உப்பே ஆவாதுன்னு ஒவ்வொரு வாட்டியும் இவர்கிட்ட சொல்றேனேம்மா!"

அண்ணன் முனகினார். "சாப்பாட்டு விஷயம்தானேன்னு விட்டுட்டேன்."

அந்தச் சாப்பாட்டைத் தினமும் சமைத்து ஊட்டியவள் நான்.

இப்போதெல்லாம் டாக்டர் நேராக அடுப்படிக்கே வந்து தமிழில் சொல்கிறார். அப்பாவின் வீக்கம் வடிந்துவிட்டது. என் கோபம்தான் இன்னும் வடியவில்லை.