நாற்காலிக்கடியில் ஈரம்

வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் அந்த நர்ஸுக்குத் தெருவில் எடைக்கார அக்கா என்றுதான் பெயர். தோளில் ஒரு பை, கையில் எடை மெஷின். காலையில் நோயாளியைச் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லி, வெறும் வயிற்றில் மெஷின் மேல் ஏற்றி நிறுத்தினால்தான் அவளுக்குப் பொழுது விடிந்த மாதிரி. பாதி ஆயுளை ஆஸ்பத்திரி வார்டில் கழித்தவள். பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால், "வார்டுல பாக்காத பேயா? எல்லாம் பெட்பேன்தான் கேக்கும்" என்று சிரிப்பாள்.

அந்தச் சமயம் அவள் பார்த்துக்கொண்டவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். இதயம் பலவீனமாகி, கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருந்தன. கட்டைவிரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். சிறுநீர் நன்றாகப் பிரிய டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, குடிக்கும் தண்ணீருக்கும் அளவு வைத்திருந்தார். மாத்திரையைக் காலையிலேயே கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரியெல்லாம் எழுந்து நடந்து எங்காவது விழுந்து வைப்பார் என்று அவருடைய மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். வீக்கம் வடிந்தது. பழைய செருப்பு காலில் ஏறியது. மகளுக்கு வாயெல்லாம் பல்.

அதற்குப் பிறகும் எடை இறங்கிக்கொண்டே போனதுதான் நர்ஸுக்குப் பிடிபடவில்லை. அவர் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது. எழுந்து நின்றால் தலை சுற்றியது. அளந்து வைத்த தண்ணீரோ தவறாமல் தீர்ந்துகொண்டிருந்தது. கட்டிலருகே கிடந்த நாற்காலிக்கடியில் தினமும் ஈரம்.

"பாத்ரூம் போறதுக்குள்ள வந்துடுது போல. வாயைத் திறந்து சொன்னாத்தானே, அப்பாவுக்கு ரோஷம்" என்று முணுமுணுத்தபடி மகள் துடைத்தாள்.

நர்ஸ் குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தாள். வாடையே இல்லை. வெறும் தண்ணீர்.

மகள் சமையலறைக்குப் போனதும் மெல்லக் கேட்டாள். "ஐயா, இங்க தண்ணி ஊத்துறீங்களா?"

"ஊத்தல. குடுக்குறேன்."

"யாருக்கு?"

அவர் நாற்காலியைக் கண்ணால் காட்டினார். "என் தம்பிக்கு. சின்ன வயசுல, வயித்துல ஆபரேஷன் பண்ணிப் படுத்திருந்தப்ப தண்ணி கேட்டான். குடுக்கக் கூடாதுன்னு நர்ஸு சொல்லிட்டாங்க. நானும் குடுக்கல. கேட்டுக்கிட்டே போயிட்டான். இப்ப வந்து உக்காந்திருக்கான். என் பங்குலதானே குடுக்குறேன், உனக்கென்னம்மா?"

நாற்காலி மேல் வெயில் விழுந்து கிடந்தது. காலி நாற்காலிதான். ஆனாலும் அதை உரசிக்கொண்டு போய்ப் பையை எடுக்க அவளுக்குக் கால் வரவில்லை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அன்றைய மாத்திரையைக் கொடுக்காமல் டாக்டருக்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உடம்பில் நீரும் உப்புச் சத்தும் வற்றிப்போனதில் புத்தி குழம்பியிருக்கிறது என்றார் டாக்டர். சலைன் ஏற்றி, மாத்திரையின் அளவைக் குறைத்து அனுப்பினார்கள்.

வீடு திரும்பியவர் தெளிவாக இருந்தார். பேப்பர் படித்தார். தன் தண்ணீரைத் தானே குடித்தார். தரை காய்ந்து கிடந்தது. நர்ஸிடம் மட்டும் பேச்சில்லை. காலை நீட்டச் சொன்னால் நீட்டுவார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஒரு நாள் மனசு கேட்காமல், "என் மேல என்ன கோவம் ஐயா?" என்றாள்.

"அவன் இப்ப வர்றதில்ல" என்றார் சுவரைப் பார்த்தபடியே. "தாகம் அடங்கறதுக்குள்ள விரட்டிட்டீங்க. அப்பவும் ஒரு நர்ஸு, இப்பவும் ஒரு நர்ஸு."

உப்பு, மாத்திரை, மூளை என்று சொல்வதற்கு எல்லாம் அவள் நுனிநாக்கில் இருந்தது. அதை விட்டுவிட்டு அவர் காலில் அழுத்திப் பார்த்தாள். குழி விழவில்லை.

அவர் நன்றாகத் தேறிவிட்டார். விடாமல் பிடித்துக்கொண்டது அவளைத்தான். வார்டில் அவளும் எத்தனையோ பேருக்குத் தண்ணீர் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். சொன்னது சரிதான், நாளைக்கும் அதையேதான் சொல்வாள். அவர்களுடைய முகங்கள் நினைவில்லை. வெடித்த உதடுகள் மட்டும் பஸ்ஸில் போகும்போதும், சாப்பிட உட்காரும்போதும் கண்முன் வந்து அசைந்தன. என்ன கேட்கின்றன என்று அவளுக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் தண்ணீர் கூடாத நோயாளி கிடைத்தால், பஞ்சை நனைத்து உதட்டை ஒற்றியபடி பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாள். "நினைவே இல்லாம கிடக்காரு, அவருக்கு என்னக்கா தெரியப்போகுது?" என்று வீட்டார் கேட்பார்கள்.

"தெரியலன்னு அவர் வந்து சொன்னாரா?" என்பாள், பஞ்சை மறுபடியும் நனைத்தபடி.