அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாத மலை

எங்கள் வீட்டு ஏற்பாடுகளைப் பார்த்தவர்கள் நாங்கள் இமயமலைக்கே புறப்படுகிறோம் என்று நினைத்திருப்பார்கள். போனது என்னவோ ஏலகிரிக்குத்தான். திருப்பத்தூரில் இருந்த தாய்வீட்டுக்கு ரயிலில் போகும்போதெல்லாம் அம்மா ஜன்னல் வழியாக அந்த மலையைப் பார்ப்பாள். அதன் உச்சியில் நின்று, கீழே போகிற ரயிலைப் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய வெகுநாள் ஆசை.

அப்பா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேஸ்திரி. டார்ச் லைட், கயிறு, தீப்பெட்டி, தைலம் என்று ஒரு வாரமாகச் சேர்த்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிநாட்டு ஆர்டரில் ரிஜெக்ட் ஆன மலையேறும் பூட்ஸ் இரண்டு ஜோடி கொண்டுவந்தார். என் அளவுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு ரப்பர் செருப்பு.

"வெள்ளைக்காரன் இத்த போட்டுக்கினுதான் பனிமலையே ஏறுறான்" என்றார்.

கடைக்குப் போனால் மட்டும் செருப்பு மாட்டுகிற அம்மா, வீட்டுக்குள் கொஞ்சம் நடந்து பார்க்கிறேன் என்று கேட்டாள்.

"இப்பவே போட்டா அழுக்காய்டும். மலைக்குன்னு வச்சிருக்கேன்."

அதனால் பூட்ஸ் அட்டைப்பெட்டியோடு அம்மா மடியில் பஸ் ஏறியது. ஏலகிரியில் இறங்கி, உச்சிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்தில்தான் அவள் அதைக் காலில் மாட்டினாள். அளவு பெரிதாக இருந்ததால், இறுக்கமாக நிற்க முன்பக்கம் துணி திணித்தார் அப்பா. உலகத்துக்கே ஷூ தைக்கிற ஊர்தான். சாக்ஸ் மட்டும் எங்கள் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அப்பாவுக்குக் கம்பெனியில் ஷூ போட்டுப் பழக்கம். விறுவிறுவென்று ஏறினார். நான் அவருக்கு முன்னால் ஓடினேன். அம்மா பின்தங்கிக்கொண்டே வந்தாள்.

"இன்னா, கடிக்குதா?"

"சேச்சே, மெத்துனு இருக்குது."

உச்சி கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குத் தல சுத்துது. எறங்கிடலாம்."

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. அங்கேயே புளிச்சோற்றைத் தின்றுவிட்டு இறங்கினோம்.

அதன் பிறகு எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும், "இவளுக்கு மலை ஒத்துக்காது" என்று அப்பா ஆரம்பித்துவிடுவார். நானும் விடவில்லை. "அம்மாவுக்கு மொட்டமாடியே ஜாஸ்தி" என்பேன். எல்லோரோடும் சேர்ந்து அம்மாவும் சிரிப்பாள். மறுபடி அவளை யாரும் அங்கே அழைத்துப் போகவில்லை. உச்சியைப் பார்க்காமலே போய்விட்டாள். பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நடந்திருந்தால் எங்களுக்கு முன்னால் ஏறியிருப்பாள்.

மலையிலிருந்து இறங்கிய அன்று சாயங்காலம் வீடு திரும்பியதும், கொல்லைப்புறக் குழாயடியில் அம்மா அந்தப் பூட்ஸை உள்பக்கமாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சிவப்பாக ஓடியது. என்னம்மா இது என்று கேட்டேன்.

"சாயம்டி. ரிஜெக்ட் மாலுன்னா அப்படித்தான். அப்பாகிட்ட சொல்லாத, பேஜாராய்டுவாரு."

தோல் பதனிட்டுச் சாயமேற்றும் ஷாப்புகளிலிருந்து தினம் ஒரு நிறத்தில் சாக்கடை ஓடுகிற தெரு எங்களுடையது. நான் நம்பிவிட்டேன்.