கார் கூரையில் போட்ட ஓட்டை

எங்கள் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லமாட்டார்கள். "பாக்கலாமுங்க" என்பார்கள். மொட்டை மாடியில் பெரிய ஆன்டெனா வைக்கலாமா என்று மச்சான் கேட்டபோது, சரவணம்பட்டியில் அவர் குடியிருக்கும் அடுக்கு வீட்டின் செயலாளர் அப்படித்தான் சொன்னார். குரல்வளையை எடுத்த பிறகு மச்சானுக்குப் பேச்சு வருமா என்று நான் கேட்டதற்கு டாக்டரும் அதையேதான் சொன்னார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். முறையாக உரிமம் வாங்கிய ஹாம் ரேடியோக்காரர். ஞாயிறு காலையில் ஈரோடு, பொள்ளாச்சி, பழனி என்று ஊருக்கு ஒருவராக அவரவர் ரேடியோ முன் உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். மழை பெய்தது, மஞ்சள் விலை இறங்கியது, பேரன் பிறந்தது, எல்லாமே வரும். பாதிப் பேரை மச்சான் கண்ணால் பார்த்ததில்லை. குரல்தான் ஆள்.

தொண்டையில் கட்டி என்று தெரிந்த பிறகு ரேடியோ பக்கமே போகாமல் இருந்தவர், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததும் ஒன்றே ஒன்று கேட்டார். அதற்கு முந்தைய ஞாயிறு அவர்கள் எல்லாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டும், தன் வாயால். வால்பாறை மலை ரோட்டில் ஆழியாறு அணை தெரிகிற வளைவில் நின்று பேசினால் கீழே அத்தனை ஊருக்கும் கேட்குமாம். அப்படித்தான் என் காரில் ரேடியோ ஏறியது.

முதலில் காந்தம் வைத்த ஆன்டெனாவைக் கூரைமேல் ஒட்டி, கேபிளைப் பின்கதவு இடுக்கு வழியாக உள்ளே விட்டோம். கேபிள் போன இடத்தில் கதவு ரப்பர் சரியாகப் படியவில்லை. துடியலூரில் என் வீட்டு வாசலில் பெய்த ஒரே மழைக்கு, தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு இறங்கி, பின்சீட்டு முழுக்க ஈரச் சாக்கு நாற்றம். அந்தச் சீட்டில்தான் மச்சானை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். ஈரம் பட்டால் இருமல் வரும். இருமினால் கைக்குட்டையில் ரத்தம்.

"ஏனுங்க, அந்தக் கம்பியக் கழட்டி வீசுங்க," என்றாள் மனைவி. "பேசறதுக்கு மொதல்ல ஆளு இருக்கோணுமல்ல?"

மச்சான் அந்த ஞாயிற்றுக்காகக் குரலை மிச்சம் பிடிக்கப் பேச்சையே நிறுத்தியிருந்தார். கூரையைக் காட்டி, விரலால் துளை போடுவதுபோல் சுழற்றினார். கேபிள் கதவு வழியாக வராமல் அங்கிருந்தே நேராக உள்ளே இறங்கட்டும் என்று அர்த்தம்.

"போடுங்க. ஆனா ஒரு சொட்டு எறங்குச்சுன்னாலும் அண்ணன மலைக்கு அனுப்பமாட்டன், பாத்துக்கங்க."

உக்கடத்திலிருந்து டிங்கர் வேலை பார்க்கும் பாய் வந்தார். காரைச் சுற்றிவந்து சிரித்தார். "எல்லாரும் ஓட்டைய அடைக்கச் சொல்லி வருவாங்க. நல்லாருக்கற கூரைல போடச் சொல்ற மொதோ ஆளு நீங்கதானுங்க."

உள் கூரையின் துணி லைனிங்கை இறக்கி, குறுக்குத் தகடு இல்லாத இடம் பார்த்து பாய் துளையிட்டார். துளையின் விளிம்பு துருப்பிடிக்காமல் பிரைமர் தொட்டு வைத்தார். மின் இணைப்பு நன்றாகப் பிடிக்க அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் பெயின்ட்டைச் சுரண்டினார். ஆன்டெனாவின் அடிக்கட்டையைத் துளையில் பொருத்தி, மேலே தண்ணீர் புகாமல் அடைக்கும் சிலிக்கான் பசையை அப்பப் போனவரை மச்சான் கையைப் பிடித்து நிறுத்தினார். ரப்பர் வளையம் போதும். அதையும் நசுங்கிவிடாத அளவுக்கு இறுக்கினால் போதும் என்று இரண்டு விரலால் காட்டினார்.

"வாயத் தெறக்காமயே என்ன வேல வாங்கறாருங்க உங்க மச்சான்!"

மச்சானை ஏற்றி இறக்கும் அவர் வீட்டு அடித்தளப் பார்க்கிங்கில் உத்தரம் தாழ்வு என்பதால் ஆன்டெனா திருகிக் கழற்றுகிற வகை. சோதிக்க மனைவியின் முகப்பவுடரைக் கூரைத் தகட்டின் உள்பக்கம் ஒற்றினோம். தண்ணீர் வந்தால் கோடு விழுந்து காட்டிக்கொடுக்கும். மேலே வாளி வாளியாக ஊற்றினோம். பவுடர் அப்படியே இருந்தது. ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு ஊற்றியபோது மெல்லியதாக ஒரு கோடு இறங்கியது. கழற்றினால் அந்த இடத்தில் உடனே திருக, ரப்பர் வைத்த மூடி ஒன்றைப் பாய் தேடிக் கொடுத்தார். மச்சான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். லைனிங்கை மறுபடி ஏற்றினோம்.

ஞாயிறு காலை மலையில் நல்ல மழை. வளைவில் நிறுத்தினேன். கீழே அணையும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. ரேடியோவில் மட்டும் எல்லாரும் இருந்தார்கள். மச்சான் வெந்நீர் குடித்து, மைக்கை அழுத்தி, உரிமத்தோடு தனக்குக் கொடுத்த அழைப்புக் குறியைச் சொன்னார். குறி எப்படியோ புரிந்தது; குரல்தான் வெறும் காற்றும் கரகரப்புமாக வந்தது.

ஈரோட்டுக்காரர் கேட்டார். "ஆருங்க அது? அது எங்கண்ணன் குறிங்க."

"நாந்தானுங்க..."

"நாந்தான்னா ஆருங்க? அவரு ஒடம்பு முடியாம கெடக்கறாருங்க. அவரு குறிய எடுத்து வெளையாடறது நல்லாவாங்க இருக்குது? நிறுத்திப்போடுங்க."

மச்சான் தன் பேரைச் சொன்னார். பாதியில் இருமல் வந்துவிட்டது.

"ஆரும் பதில் குடுக்காதீங்க," என்றார் ஈரோட்டுக்காரர் மற்றவர்களிடம். "அண்ணன் வந்தா அவரு கொரலு நமக்குத் தெரியாதுங்களா?"

நான் மைக்கை வாங்கப் போனேன். மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்தார். "உங்களுக்கு லைசென்ஸ் இல்லீங்களே மாப்ள," என்றார். அவர் குரலில் நான் கேட்ட கடைசிப் பேச்சு அது.

அவர்கள் மஞ்சள் விலை பேசினார்கள். அண்ணன் இல்லாமல் சப்பென்று இருக்கிறது என்று பழனிக்காரர் சொன்னார். மச்சான் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். பிறகு ரேடியோவை அணைத்து, குடையைக்கூட எடுக்காமல் இறங்கினார். நான் ஓடிப்போய்க் குடை பிடிப்பதற்குள் ஆன்டெனாவைக் கழற்றி, பையிலிருந்து மூடியை எடுத்து, இரண்டு விரலால் அளவாகத் திருகிவிட்டிருந்தார். கீழே சிக்னல் வந்ததும் போன் போட்டு ஈரோட்டுக்காரரிடம் சொல்லிவிடலாம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

துடியலூரில் மனைவி வாசலிலேயே நின்றாள். "அண்ணா, எல்லாருங்கிட்டயும் பேசிட்டீங்களா?"

மச்சான் தலையசைத்தார்.

"அவிய என்ன சொன்னாங்க?"

மச்சான் என்னைப் பார்த்தார். "அண்ணன் இல்லாம சப்புனு இருக்குதுன்னாங்க அம்மணி," என்றேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கார் ஒழுகுச்சாங்க?"

"ஒரு சொட்டுகூட இல்ல."

அதை மட்டும் அவள் நம்பவில்லை. பின்கதவைத் திறந்து, மண்டியிட்டு ஏறி, கூரைத் துணி முழுக்கக் கையால் தடவிப் பார்த்தாள்.