டிரைவர் பக்கம்

அந்த அம்மாள் ஒரு நாளும் பஸ்ஸில் டிக்கெட் கிழித்ததில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டே காலத்தை ஓட்டியவள். ஆனாலும் எல்லோரும் அவளைக் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பட்டம் கொடுத்தது புருஷன். டவுன் பஸ் டிரைவரான அவர், ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கினார். சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மடக்குக் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்து அதை வீடாக்கினார். மகள் அதைக் கேரவன் என்றாள். அவர் வண்டி என்றார். கண்டக்டரம்மாவுக்கு முதலில் அது பிடிக்கவே இல்லை.

“இருக்கிற வீட்டைப் பெருக்கவே முதுகு ஒடியுது. இதுல ஓடுற வீடு வேறயா?”

“ஓடுற வீட்டுல தூசி ஒட்டாதும்மா.”

ஒட்டியது. அதையும் அவளே பெருக்கினாள். ஓட்டும்போது பின்னால் லொடலொடவென்று சத்தம் கேட்டால் அவருக்குப் பிடிக்காது என்பதால், டம்ளர்களைத் துண்டில் சுற்றி வைக்கவும், அலமாரிக் கதவை நாடாவால் இழுத்துக் கட்டவும் பழகிக்கொண்டாள். பழகப் பழக வண்டியும் பிடித்துப்போனது.

வண்டிக்குள் சட்டம் ஒன்று உண்டு. கண்டக்டர் ‘ரைட்’ சொல்லாமல் சக்கரம் உருளாது. பஸ்ஸில் இருந்த வழக்கத்தை அவர் விடவில்லை. பெட்ரோல் பங்கில்கூட அவள் கதவைச் சாத்தி ‘ரைட்’ சொன்ன பிறகுதான் கியர் விழும். அதனால் அந்த வார்த்தைக்குப் போகலாம் என்பதைத் தவிர வேறு அர்த்தமே கிடையாது. வலது பக்கத்தை ‘டிரைவர் பக்கம்’ என்றும், இடது பக்கத்தைக் ‘கதவுப் பக்கம்’ என்றும்தான் சொல்ல வேண்டும். முன்பு ஒருமுறை அர்த்தம் மாறிப்போய் இருவரும் சாக்கடைக்குள் இறங்கியிருக்கிறார்கள்.

முன்பெல்லாம் ரைட் சொல்லிவிட்டால் அவள் வேலை முடிந்தது. வறுத்த பட்டாணியைக் கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பாள். இந்தச் சில மாதங்களாகப் பட்டாணிப் பொட்டலம் பிரிக்கப்படாமலே கிடந்தது. “டிரைவர் பக்கம் சைக்கிள்”, “டிரைவர் பக்கம் லாரி ஏறுது” என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். சொல்லச் சொல்லி அவர் கேட்கவில்லை, சொல்லாதே என்றும் தடுக்கவில்லை. அவர் டீ ஊற்றினால் பாதி டம்ளருக்கு வெளியே போயிற்று. வண்டியின் வலது உடம்பில் நீளமாக ஒரு கீறல் விழுந்தபோது, “எவனோ இழுத்துட்டுப் போயிருக்கான், குருட்டுப் பய” என்றார். கண் டாக்டரிடம் போனபோது இவளை வெளியிலேயே உட்காரவைத்துவிட்டு, திரும்பி வந்து, “மூக்குக்கண்ணாடி மாத்தணுமாம், அவ்ளோதான்” என்றார். மூக்குக்கண்ணாடி மாறவே இல்லை.

அன்றைக்கு இருட்டுவதற்குள் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். மறுநாள் பேத்திகள் இருவரும் வண்டியில் ஏறுவதாகவும், லீவு முடியும்வரை கடலோரமாகவே சுற்றுவதாகவும் பேச்சு. கடலோரச் சாலையில் காலையிலிருந்தே வானத்துக்கு ஒரு நிதானமில்லை. திடீரென்று கொட்டும், வைப்பர் போட்டதும் வெயில் பல்லைக் காட்டும். வைப்பரை நிறுத்தினால் மறுபடி கொட்டும்.

மகள் போனில் கூப்பிட்டாள். கண்டக்டரம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா, அங்க மழையா? அப்பா மெதுவாத்தானே ஓட்டுறாரு?”

“எப்பவும் போலத்தான்டி.”

“சின்னவ இப்பவே பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல உட்கார்ந்தாச்சு. பாட்டி சீட்டை விட்டு எழுந்திரிக்கணுமாம், இனிமே இவதான் கண்டக்டராம்.”

“உத்தியோகத்துக்கு ஆபத்து” என்றார் டிரைவர் சிரித்துக்கொண்டே. கண்டக்டரம்மாவால் சிரிக்க முடியவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குக் கடற்சுவரை ஒட்டிய ஒரு திடலுக்குள் வண்டியைத் திருப்பினார். காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தினால்தான் அடுப்பு பற்றும். ரிவர்ஸ் பார்க்க அவள் இறங்கினாள். மழை விட்டு, கண் கூசுகிற வெயில். காற்று மட்டும் ஓயவில்லை. சுவரோரம் மஞ்சள் மழைக்கோட்டுடன் ஒருவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். வண்டியின் பின்பக்கம் வளைந்து அவரை நோக்கியே வந்தது. உட்கார்ந்திருந்தவர் கையை ஆட்டினார். வண்டி நிற்கவில்லை. பதற்றத்தில் அவள் வாயில் வரக் கூடாத வார்த்தைதான் முதலில் வந்தது.

“ரைட்ல! ரைட்ல ஆளு!”

பாதியைக் காற்று கொண்டுபோயிற்று. வண்டி இன்னும் வேகமாகப் பின்னால் வந்தது. தூண்டில்காரர் துள்ளி விலகினார். நாற்காலி சக்கரத்தடியில் அப்பளமாக நொறுங்கிய பிறகுதான் வண்டி நின்றது.

“ஏண்ணே, இவ்வளவு இடம் கிடக்கு, என் மடியிலதான் நிறுத்தணுமா?” தூண்டில்காரர் சிரிப்பது போலத்தான் கேட்டார். கண் மட்டும் நொறுங்கிய நாற்காலியை விட்டு நகரவில்லை.

டிரைவர் இறங்கி ஓடி வந்தார். “அடி ஒண்ணும் இல்லியே தம்பி? இவ ரைட் சொன்னா தம்பி.” அவள் பக்கம் திரும்பினார். “சொன்னியா இல்லியா?”

“சொன்னேன்.”

“கேட்டீங்கல்ல? கண்டக்டர் ரைட் சொன்னா டிரைவர் என்ன பண்ணுவான்?”

அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவுவதை அவள் பார்த்தாள். பழி தன் மேல் விழுந்ததில் அவளுக்கு வருத்தமில்லை. அந்த நிம்மதிதான் அவளைப் பயமுறுத்தியது.

வண்டியிலிருந்து தங்கள் நாற்காலியை எடுத்து வந்து தூண்டில்காரரிடம் நீட்டினாள். அவர் உட்கார்ந்து அசைத்துப் பார்த்தார். “என்னுதைவிட நல்லாத்தான் இருக்கு. விடுங்கக்கா. ஆனா நான் வண்டியோட சைடு கண்ணாடியைப் பார்த்துத்தான் கையை ஆட்டிக்கிட்டே இருந்தேன். அண்ணன் என்னைப் பார்த்துட்டாரு, நிறுத்திடுவாருன்னு நம்பி உட்கார்ந்திருந்தேன்.”

டிரைவருக்கு அடுப்பு பற்றவைக்கும் யோசனை போய்விட்டது. சாலையைப் பார்த்து நின்ற வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். “கிளம்பலாம். இருட்டறதுக்குள்ள போயிடணும்.” இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

“ம். சொல்லு.”

அவள் சொல்லவில்லை.

“என்ன, கோவமா? வாய் தவறாத மனுஷன் உண்டா? நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல.”

அதை அப்படியே வாங்கிக்கொண்டால் போதும். வாய்தான் தவறியது, இனிமேல் ஜாக்கிரதையாகச் சொல்கிறேன் என்றால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நாளைக்கு இதே சீட்டில் கால் தரைக்கு எட்டாமல் உட்கார்ந்துகொண்டு சின்னவள் ரைட் சொல்வாள்.

அவள் அவர் பக்கம் சாய்ந்து, ஜன்னலுக்கு வெளியே இருந்த பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். வெயிலில் பளிச்சென்று, கண்ணாடி நிறைய மஞ்சள்.

“ஏங்க, அந்தத் தூண்டில்காரரு என்ன பண்றாரு, பாருங்க.”

அவர் கண்ணாடியைப் பார்த்தார். பார்வையைக் கொஞ்சம் மாற்றி மறுபடியும் பார்த்தார்.

“போயிட்டாரு போல.”

“டிரைவர் பக்கம்தான் உட்கார்ந்திருக்காரு.”

அவர் கழுத்தைத் திருப்பவில்லை. வெகுநேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர் என்னங்க சொன்னாரு?”

“ஓட்டக் கூடாதுன்னாரு.” ஸ்டியரிங்கைத் துடைப்பது போல உள்ளங்கையால் தடவினார். “பொண்ணு வீடு வரைக்கும். அதோட விட்டுடறேன். மெதுவாப் போறேன், நீ சொல்லிக்கிட்டே வா. ஒரே ஒரு ரைட்.”

அவர் எதையும் கெஞ்சிக் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது.

“நான் சொல்ல மாட்டேங்க.”

கியர் அவர் கைக்கு அடியில்தான் இருந்தது. அவள் சொல்லாமலும் வண்டி ஓடும். ஒரு அலை சுவரில் மோதிச் சாரல் கூரையைத் தாண்டி முன்கண்ணாடியில் இறைந்தது. அவர் வைப்பரைப் போடவில்லை. சாரல் வழிந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றதும் காற்றின் சத்தம் பெரிதாகக் கேட்டது.

“மாப்பிள்ளையை வரச்சொல்லு. வண்டியை அவர் எடுக்கட்டும். பேத்திங்ககிட்ட நீயே பேசிக்க, என்னால ஆகாது.” சாவியை உருவிக்கொண்டே, “சக்கரத்துக்குக் கட்டை போட்டுட்டு வா. காத்து தள்ளுது” என்றார்.

கீழே இறங்கி மகளிடம் போனில் பேசி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்து நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்தாள். தூண்டில்காரர் நாற்காலியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“அக்கா, உங்க நாற்காலி நனையுது. ஒரு டீ கொடுத்தீங்கன்னா காப்பாத்தின கூலின்னு வச்சுக்கறேன்.”

“ஏறுங்க.”

உள்ளே டிரைவர் சீட்டு காலியாக இருந்தது. அவர் அலமாரியின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நாடாவை அவிழ்த்துவிட்டு, துண்டிலிருந்து டம்ளர்களை ஒவ்வொன்றாக உருவி அடுப்பு மேடைமேல் வைத்துக்கொண்டிருந்தார். வண்டி காற்றில் ஆட ஆட, அவை லொடலொடத்தன.