தண்ணீருக்கு எட்டு மதிப்பெண்

அண்ணி ஊருக்கு வருவதற்கு மூன்று வாரம் முன்பே நான் பட்டியலைத் தயார் செய்துவிட்டேன். மொத்தம் பதினான்கு வரிசைகள். தண்ணீர், மின்சாரம், பயணம், காற்று, வெள்ளம், மருத்துவர், பள்ளி, நடக்க இடம், சத்தம், கொசு என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். பக்கத்தில் இரண்டு பத்திகள், ஒன்று எனக்கு, ஒன்று அண்ணிக்கு. மென்பொருளைச் சோதித்துக் குறை எழுதுவது என் வேலை. எதற்கும் வரிசை எண் போட்டால்தான் எனக்கு மூச்சு சீராக வரும்.

பட்டியலைக் கேட்டதே அண்ணிதான். அண்ணனும் அவரும் எட்டு வருடமாக ஒரு வட ஐரோப்பிய நாட்டில் இருக்கிறார்கள். அண்ணனுக்குச் சென்னை அலுவலகத்துக்கே மாறிவர ஒரு வாய்ப்பு வந்திருந்தது. வந்தால் பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பார்கள். மகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். “உங்க அண்ணன் அங்க பிறந்தவரு, அவரு சொல்றதை நம்ப முடியாது. நானே வந்து பத்து நாள் இருந்து பார்க்கோணும். என்னென்ன பார்க்கோணும்னு நீ எழுதி வை கண்ணு” என்றார் அண்ணி. அவர் கோயம்புத்தூர்க்காரர். மகளை அண்ணனிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்தார்.

நாடுகளை வாழ்க்கைத்தரப்படி வரிசைப்படுத்தும் பட்டியல்கள் இணையத்தில் ஏராளம். எதைத் திறந்தாலும் அண்ணன் இருக்கும் நாடு முதல் திரையிலேயே தெரியும். நம் நாட்டைப் பார்க்க விரல் நோகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அந்தப் பட்டியல்களைத் தயாரிக்கிறவர்கள் யாரும் எங்கள் ரயில் நிலையமான பெருங்களத்தூரில் இறங்கியதில்லை என்பது என் வாதம். அதனால் நான் என் பத்தியை முதலிலேயே நிரப்பி, பிறகு மாற்ற முடியாதபடி பூட்டி, தாளில் அச்சும் எடுத்து வைத்தேன். தண்ணீருக்கு எட்டு. மின்சாரத்துக்கு எட்டு. வெள்ளத்துக்கு ஒன்பது, ஏனென்றால் ஏரித் தண்ணீர் ஒரு மழையில் கூடத்துக்குள் வந்த பிறகு நாங்கள் வீட்டையே ஜாக்கி வைத்து நான்கு அடி தூக்கிவிட்டோம். எங்கள் தெருவில் அது பெருமைக்குரிய விஷயம். புதிதாகக் குடிவருகிறவர்களிடம் எத்தனை படுக்கையறை என்று கேட்க மாட்டார்கள், எத்தனை அடி தூக்கினது என்றுதான் கேட்பார்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மதிப்பெண்களில் எனக்குச் சொந்த லாபம் இருந்தது. என் அலுவலகத்தில் இரண்டு வருடத்துக்கு வெளிநாடு போகிறாயா என்று கேட்டிருந்தார்கள். அதே நாடு, அதே நகரம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பா இல்லை. நான் போனால் அம்மா தனி. அண்ணன் குடும்பம் வந்துவிட்டால் நான் நிம்மதியாகக் கிளம்பலாம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சோதிக்கிறவள் முடிவை விரும்பக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். நான் நன்றாகவே விரும்பினேன்.

அம்மாவும் விரும்பினாள், பேத்திக்காக. அதனால் வீட்டில் ஏற்பாடுகள் தொடங்கின. ஏசியைச் சர்வீஸ் செய்தோம். குடிதண்ணீர் கேன் இரண்டுக்குப் பதில் ஐந்து வந்து இறங்கியது. கொசுவலை அடித்தோம். மாடியில் காய்ந்துகொண்டிருந்த வடகம்கூட இடம் மாறியது. “அவ ரயில்ல எல்லாம் வேணாம். கார் புக் பண்ணிடு” என்றாள் அம்மா. பண்ணினேன்.

முதல் நான்கு நாட்கள் அண்ணி எங்கே போனாலும் காரில் போனார். பல்லாவரத்தில் ஒரு பள்ளியைப் பார்க்க ஜிஎஸ்டி ரோட்டில் ஒன்றேகால் மணி நேரம் நின்று நின்று போய்விட்டு, திரும்பவும் அதேபோல் வந்தோம். வீட்டில் அவரைக் கடைக்குக்கூடத் தனியாக அனுப்பவில்லை. வெயில், நாய், பள்ளம், மாடு என்று அம்மா ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருந்தாள். சாயங்காலம் அவர் பத்தியை எட்டிப் பார்த்தேன். பயணத்துக்கு இரண்டு. நடக்க இடத்துக்கு ஒன்று.

“ஒண்ணா?” என்றேன்.

“நான் வாசப்படியைத் தாண்டவே இல்லையே கண்ணு. அந்த ஒண்ணு படிக்குத்தான். நாலு அடி ஏறி இறங்கறேனே.” பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அங்க பனிக்காலத்துல நாலு மாசம் இப்படித்தான் உக்காந்திருப்போம். கண்ணாடிக்கு உள்ளார. இங்க வந்தும் அதே மாதிரி இருக்குது, வேர்க்குது அவ்வளவுதான்.”

வீட்டைத் தூக்கியது அவருக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் வெள்ளத்துக்கு அவர் போட்டது மூன்று. “வீட்டைத் தூக்கோணும்னு ஒரு நிலைமை வந்துதுல்ல? அதுக்குத்தான் மார்க். நீ தூக்கினதுக்குப் போடறே.” நான் கொஞ்சம் வாதாடிப் பார்த்தேன். ஒரே நான்கு அடியை இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்து அளந்துகொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை பதிவு செய்த கார் வரவில்லை. ஓட்டுநர் பத்து நிமிடம், பத்து நிமிடம் என்று சொல்லி, கடைசியில் ரத்து செய்துவிட்டார். அண்ணி கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவருக்கு ஒரு வேலை இருந்தது. கல்யாணத்தில் கொடுத்த மிக்ஸியை வெளிநாட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். அதன் ஜாருக்கு அடியில் சுழலுமே, அந்தக் கப்ளர் தேய்ந்துவிட்டது. அங்கே யாரிடமும் அது கிடையாது, புது மிக்ஸியும் நம் ஊர் மாதிரி அரைக்காது. தேய்ந்ததை ஒரு துணியில் சுற்றி விமானத்தில் எடுத்து வந்திருந்தார்.

பெருங்களத்தூரில் பதினோரு மணி வாக்கில் ரயில் ஏறினோம். பெண்கள் பெட்டியில் நல்ல காற்று. ஜன்னலோரத்தில் ஒரு அம்மா அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். “கொஞ்சம் நகுந்துக்கோம்மா” என்று அவர் யாரையோ தட்ட, ஒரு வரிசையே நகர்ந்து அண்ணிக்கு இடம் விட்டது. அரை மணிகூட ஆகவில்லை, பல்லாவரம்.

சந்தையில் பழைய இரும்பு, குக்கர் மூடி, செடி, கோழிக்குஞ்சு எல்லாவற்றையும் தாண்டி, தார்ப்பாயில் மிக்ஸி பாகங்களைக் குவித்து வைத்திருந்த ஒருவரைக் கண்டுபிடித்தோம். அண்ணி துணியைப் பிரித்துக் காட்டினார். கடைக்காரர் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“இதுக்கா இம்மாந்தூரம் வந்துகினு கீற? எந்த ஊருக்கா நீ?”

அண்ணி ஊரைச் சொன்னார்.

“ஃபாரின்ல இது இல்லியா? அப்ப இன்னாதான் கீது அங்க?”

“குழாயிலயே நல்ல தண்ணி வருங்க. அப்படியே குடிக்கலாம்.”

“தண்ணிய வெச்சி சட்னி அரைப்பியாக்கா?” என்று கேட்டுக்கொண்டே அவர் குவியலுக்குள் கையை விட்டு, பார்க்காமலே ஒன்றை எடுத்தார். அதே அளவு. அண்ணி ஆறு வாங்கினார். ஆயுளுக்கும் போதும் என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் பயணத்துக்கு இரண்டை அடித்துவிட்டு ஒன்பது எழுதினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் பத்தியில் அதற்கு ஐந்துதான்.

“அண்ணி, நீங்க பார்த்தது பதினோரு மணி ரயில். எட்டு மணி ரயில்ல வாங்க. ஒத்தைக் கால்ல நின்னுட்டுப் போவேன். இன்னொரு கால் எங்க இருக்குன்னு கிண்டியில இறங்கினாத்தான் தெரியும்.”

“நான் பார்த்ததுக்குத்தானே நான் போட முடியும்?”

எனக்கு வேண்டிய மதிப்பெண்ணை நானே குறைக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. தொழில் புத்தி. கடைசியில் ஏழு என்று பேசி முடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். மட்டன் குழம்புப் பாத்திரத்தில் சாய்த்து வைத்த போனில் அண்ணன், அங்கே காலை, கலைந்த தலையோடு. மறுநாள் அவன் பதில் சொல்ல வேண்டும். அண்ணி பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு வாசித்தார். மருத்துவருக்குப் பத்துக்குப் பத்து. “தெருமுனை டாக்டரைப் போய் நின்னதும் பார்க்க முடியுது. அங்க பாப்பாவுக்குக் காது வலின்னா, வர்ற வாரம் கூப்பிடறோம்பாங்க. அதுக்குள்ள வலி தானாப் போயிரும்.” அண்ணன் தலையாட்டினான். பள்ளிக்கு எட்டு. கொசுவுக்கு ஒன்று. பிறகு தண்ணீருக்கு இரண்டு என்றார்.

அம்மாவின் கரண்டி நின்றது. “ரெண்டா? உனக்கு ஒரு வேளை தண்ணி இல்லாம இருந்துச்சாம்மா?”

“இல்லைங்க அத்தை. அதுக்குத்தான் ரெண்டு. வந்த அன்னையிலிருந்து எனக்கு விடியற வரைக்கும் தூக்கம் வர்றதில்ல. அங்க அப்ப நடு ராத்திரி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அஞ்சு மணிக்கு நீங்க செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வெளிய போறீங்க. தரைக்கடியில இருக்கற சம்ப்போட மூடியைச் சத்தமில்லாமத் தூக்கறீங்க. கார்ப்பரேஷன் தண்ணி வர வர மோட்டார் போடறீங்க, நிறுத்தறீங்க, மறுபடி போடறீங்க. நான் எந்திரிக்கறதுக்குள்ள எல்லாம் முடிச்சுட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி காப்பி தர்றீங்க. குடியிருக்கற இடத்தைப் பார்க்க வந்தா எனக்கு ஓட்டல் காட்டிட்டு இருக்கீங்க.”

“நான் தண்ணிக்கு எட்டு போட்டிருக்கேன்” என்றேன், அம்மாவுக்குத் துணையாக.

அம்மா என் பக்கம் திரும்பினாள். “எட்டா? நீ ஒரு நாளாவது மோட்டார் போட்டிருக்கியாடி?”

“போன டிசம்பர்ல, உனக்கு ஜுரம் வந்தப்ப.”

“அன்னிக்கு டேங்க் வழிஞ்சு மாடி பூரா குளம்.”

போனில் அண்ணன் சிரித்துத் தொலைத்தான். அண்ணி சிரிக்கவில்லை, என் பத்தியை விரலால் மேலிருந்து கீழே தடவினார். “எட்டு, எட்டு, ஒன்பது. ரயிலுக்கு மட்டும் நியாயமா அஞ்சு. எங்களை வரவைக்க உனக்கு என்ன கண்ணு இவ்வளவு அவசரம்?”

சொல்லிவிட்டேன். வெளிநாட்டு வேலை, அதே நகரம், மாதக் கடைசி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

பிறகு அண்ணி, “நாங்க இருக்கற ஊருக்கு எத்தனை மார்க் வெச்சிருக்க?” என்று கேட்டார். அதற்கும் ஒரு தாள் இருந்தது. தண்ணீருக்குப் பத்து, காற்றுக்குப் பத்து, மருத்துவருக்கு ஒன்பது, எல்லாம் இணையப் பட்டியலைப் பார்த்துப் போட்டது. காட்டினேன். மருத்துவரில் ஒன்பதை அடித்து நான்கு எழுதினார். “நவம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும். அதுக்கு இதுல வரிசையே இல்லையே?” என்றார்.

“அதெல்லாம் இருக்கட்டும். நான் எந்தப் பத்தியில இருக்கேன்?” என்றாள் அம்மா.

இரண்டு தாளிலும் பார்த்தேன். அம்மாவுக்கு இடமே விடவில்லை.

“நீ போறதுக்கு அவங்க எதுக்கு வரணும்? நான் என்ன பூட்டின வீடா, சாவியை யார்கிட்ட குடுக்கறதுன்னு யோசிக்க?” அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, பேனாவை வாங்கி, ஓரத்தில் மூன்றாவதாக ஒரு கோடு கிழித்தாள். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், கோடு நேராகத்தான் வந்தது. தண்ணீருக்கு நேராக ஐந்து என்று எழுதினாள். “தண்ணி வருது, அதுக்கு அஞ்சு. அதுக்காக நான் எழுந்துக்கறேன், அதுல அஞ்சு போச்சு. இந்த மோட்டார் தானா ஓடி தானா நிக்கிறதுக்கு ஒரு கன்ட்ரோலர் இருக்குன்னு அஞ்சு வருஷமா சொல்ற. வாங்கிக்கூட வெச்சிருக்க. பரண்ல கிடக்கு. இன்ஜினீயர் ரெண்டு பேரைப் பெத்து வெச்சிருக்கேன்.”

அண்ணன் போனில் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டான்.

“அப்ப நான் நாளைக்கு என்ன சொல்ல?” என்றான் பிறகு.

அண்ணி யோசித்தார். “உங்க ஆபீஸுக்குக் கோயம்புத்தூர்ல கிளை இருக்குதுல்லங்க?”

“இத்தனை நாள் பீர்க்கன்கரணையைப் பார்த்துட்டு கோயம்புத்தூர்ங்கறியே?”

“சிறுவாணித் தண்ணிக்கு நான் கண்ணை மூடிட்டுப் பத்து போடுவேனே.”

“நீங்க அந்த ஊர்ல பிறந்தவங்க அண்ணி. உங்க மார்க் செல்லாது” என்றேன். அம்மா முதல் முறையாகச் சிரித்தாள். பேத்தி கோயம்புத்தூர் வந்தாலே ஒரு ராத்திரி ரயில்தான் என்று அவள் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டது முகத்தில் தெரிந்தது.

அண்ணன் சென்னை வேண்டாம் என்று சொல்லி, கோயம்புத்தூர் கிளையைக் கேட்டிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. அண்ணி ஆறு கப்ளர்களோடு திரும்பிப் போனார். எங்கள் தெருவுக்கு அவர் போட்ட கடைசிக் கூட்டுத்தொகை என்னுடையதைவிட இருபத்தாறு குறைவு. இணையப் பட்டியல் சொல்வதைவிட எவ்வளவோ அதிகம்.

நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறினேன். கன்ட்ரோலர் பெட்டி தூசிக்குள் அப்படியே இருந்தது. சம்ப்புக்குள் ஒரு சென்சார், மாடித் தொட்டியில் ஒன்று, இடையில் ஒயர். மொத்தம் மூன்று மணி நேர வேலை. இரண்டு முறை சோதித்தேன், மூன்றாவது முறை அம்மா சோதித்தாள். அன்று சாயங்காலம், வெளிநாடு போகச் சம்மதம் என்று அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் வரும் நாள். ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. கூடத்து விளக்கு எரிந்தது. அம்மா வாசற்கதவருகே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மோட்டார் தானாகக் கிளம்புகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தாள். கிளம்பியது. தொட்டி நிறைந்ததும் தானாக நின்றது. அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

காப்பி குடிக்கும்போது தாளை நீட்டினேன். ஐந்தை அடித்துவிட்டு ஏழு எழுதினாள்.

“இன்னும் மூணு எதுக்குப் போச்சு?”

“ரெண்டு, மத்த நாள் வர்ற போர் தண்ணி உப்புக்கு. ஒண்ணு, லேட்டா சப்மிட் பண்ணதுக்கு.”