பிட்டுப் பாஸ்

நேற்று எங்கள் ஒழுங்கைக்குக் கிரவல் போட்டார்கள். கொட்டிப் பரவி, உருளையை ஓடவிட்டு, பிறகு உழவு மிசினில் பூட்டிய பவுசரால் தண்ணீர் தெளித்தார்கள். பாண் வாங்குவதற்காக நான் படலையைத் திறந்தபோது ஒழுங்கைக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றடியில் நின்ற பெடியன் என்னைக் கண்டதும் கையை நீட்டினான். நான் உடனே சட்டைப் பைக்குள் கைவிட்டு அடையாள அட்டையை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டேன்.

அவன் அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"இது என்னத்துக்கு ஐயா? ஈரம் காயட்டும், கொஞ்சம் நில்லுங்கோ எண்டுதான் கையைக் காட்டினனான்."

சண்டை முடிந்தபோது அவன் நடை பழகிக்கொண்டிருந்திருப்பான். அவனுக்கு இது வேடிக்கையாக இருந்ததில் பிழையில்லை. நானும் சிரித்து வைத்தேன். அட்டையைத் திருப்பி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, படலையைப் பிடித்தபடி நின்றேன். ஈரக் கிரவலின் மணமும் மிசினின் டீசல் புகையும் சேர்ந்து மூக்கில் ஏறின. அந்த மணம் எனக்கு ஒரே ஒரு நாளைத்தான் கொண்டுவரும்.

எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள் ரேஸ் நடந்தது என்று சொன்னால் இப்போது பலர் நம்பமாட்டார்கள். நடந்தது. நாங்கள் முகாமிலிருந்து திரும்பிவந்து, வயல்களை மறுபடி விதைக்கத் தொடங்கிய பிறகு, கொழும்பிலிருந்து ஒரு கழகம் வந்தது. குளத்துக்குக் கீழே தரிசாகக் கிடந்த வெளியைப் பார்த்துவிட்டு, இதைவிட நல்ல இடம் இலங்கையில் இல்லை என்றார்கள். திட்டிகளும் பள்ளங்களும் மோட்டார் சைக்கிள் பாய்வதற்கென்றே அமைந்தவையாம். அவை எப்படி வந்த பள்ளங்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் ரேஸ் வந்தால் வீதி வரும், வீதி வந்தால் பஸ் வரும் என்று கணக்குப் போட்டோம்.

வரவேற்புக் குழுவுக்கு என்னைத் தலைவராக்கினார்கள். பெரிய தகுதி ஒன்றுமில்லை. ஓய்வுபெற்ற உப அதிபர், இங்கிலிஷும் சிங்களமும் ஓரளவு பேசுவேன், என்னிடம் ஒரு நீளக் காற்சட்டை இருந்தது. பிரமுகர்களின் பந்தலைப் பார்த்துக்கொள்வதும், அவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பதும், விரும்பியவர்களைக் கூட்டிக்கொண்டுபோய் ரேஸின் பின்பக்கத்தைக் காட்டுவதும் என் வேலை.

பந்தலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கதிரைகளுக்கு வெள்ளைச் சட்டை போட்டு முதுகில் முடிச்சும் கட்டியிருந்தார்கள். ஜெனரேட்டர் போட்டு மின்விசிறிகள். வவுனியாவிலிருந்து வந்த சாப்பாடு அடுப்போடு வந்து சூடாகவே இருந்தது. ஒரு தட்டில் வெள்ளையாகச் சுருட்டிய ஏதோ ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்கள். நான் அதை ஒரு புது விதமான ரோல்ஸ் என்று நினைத்து வாய்வரை கொண்டுபோய்விட்டேன். குளிராக இருந்தது. பக்கத்தில் இருந்த கொழும்புக்காரர் தன்னுடையதை விரித்து முகத்தைத் துடைத்தார். நானும் மணந்து பார்ப்பதற்காகத்தான் எடுத்தவன்போல மணந்துவிட்டு, முகத்தைத் துடைத்தேன்.

வாசலில் 'ஹொஸ்பிட்டாலிட்டி' என்று ஒரு பதாகை கட்டியிருந்தது. அதன் முதல் பாதியை மட்டும் கேள்விப்பட்ட என் பெரிய மாமி, கிளினிக் கொப்பியோடு வந்துவிட்டா.

"தம்பி, பிறசர் பாக்கிற டொக்டர் எங்கை இருக்கிறார்?"

"மாமி, இது ஆசுப்பத்திரி இல்லை. ரேஸ் பாக்க வந்தவைக்குச் சாப்பாடு குடுக்கிற இடம்."

"அதுக்கென்ன, வந்தனான் வந்திட்டன். ஒரு சோடா குடிச்சிட்டுப் போறன்."

மாமியை விசிறிக்கு முன்னால் இருத்தி, சோடாவும் கட்லட்டும் கொடுத்தேன். அவவிடம் பாஸ் இருக்கவில்லை. நான் கேட்கவுமில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ் என்பது கழுத்தில் தொங்கவிடும் ஒரு அட்டை. மஞ்சள் அட்டை பந்தலுக்கு. சிவப்பு அட்டை பின்பக்கத்துக்கு, அதாவது ஓடப்போகிறவர்கள் தங்கள் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி வைத்துத் திருத்தும் இடத்துக்கு. கொழும்புக்காரர் அந்த இடத்தைப் 'பிட்' என்றார்கள். எங்கள் பழைய தபால் அதிபர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்.

"மாஸ்டர், பிட்டுக்கும் பாஸோ? அப்ப இடியப்பத்துக்கு என்ன நிறம்?"

அன்று முழுவதும் சிவப்பு அட்டைக்குப் பிட்டுப் பாஸ் என்றுதான் பெயர்.

எங்கள் ஊரிலிருந்து ஓடுவதற்குப் பெயர் கொடுத்தவன் கிருபா. என்னிடம் படித்தவன், கையெழுத்து மோசம், கணக்கு நல்லம். தகப்பன் மாரிமுத்து மலையகத்திலிருந்து கலவரத்துக்கு ஓடிவந்து எங்கள் வாய்க்காலின் கடைசியில், தண்ணீர் போய்ச் சேராத இடத்தில், காடு வெட்டிக் குடியேறியவர். உழவு மிசின் ஒன்று வைத்திருந்தார். அந்த மிசினில் பவுசரைப் பூட்டி, ரேஸுக்கு முந்திய நாட்களெல்லாம் ஓட்டப்பாதைக்குத் தண்ணீர் விட்டவர் அவர்தான். புழுதி எழும்பினால் பந்தலில் சாப்பாட்டில் விழும் என்று நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன். பேச்சில் மலையகமும் வன்னியும் பாதிபாதி. முப்பது வருடத்துக்கு மேல் பக்கத்தில் வாழ்ந்தாலும் எங்கள் ஆட்கள் மலையகத்தவரை ஒரு இழிவான சொல்லால் சொல்வார்கள். அந்தச் சொல்லை நான் என் வாயால் சொன்னதில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

முதல் மூன்று பேருக்குள் வருகிறவனைக் கழகம் தன் அணியில் சேர்த்துக் கொழும்புக்குக் கூட்டிப்போகும் என்று சொல்லியிருந்தார்கள். கிருபா அதை நம்பித்தான் ஓடினான். ஓட்டக்காரன் ஒவ்வொருவனுக்கும் வீட்டாருக்கென்று ஒரு சிவப்புப் பாஸ் உண்டு. அவன் தன்னுடையதில் தகப்பனின் பெயரைத் தானே எழுதினான். காலையிலேயே என்னிடம் வந்து சொன்னான்.

"சேர், அப்பா பவுசரை விட்டிட்டு முழுகிப்போட்டு வருவார். அவர் வந்து சில்லுக்குக் கீழை தேசிக்காய் வச்சாத்தான் நான் எடுப்பன். உள்ளுக்கு விடச் சொல்லுங்கோ."

மாரிமுத்து புது மிசின் எடுத்தாலும், போகத்துக்கு முதல் உழவு இறங்கினாலும் முன்சில்லுக்குக் கீழே ஒரு தேசிக்காயை வைத்து, மிசினை அதன்மேல் ஏற்றி நசித்துத்தான் புறப்படுவார். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"அதுக்கென்ன, பாஸ் இருக்குத்தானே" என்றேன்.

மதியம் போல ஒரு பெரிய அதிகாரி வந்தார். அவரோடு அவருடைய மைத்துனரும் வந்தார், கழுத்தில் பெரிய கமெரா. மைத்துனருக்குப் பின்பக்கம் போய்ப் படம் எடுக்க வேண்டும். என்னிடம் சிவப்புப் பாஸ் ஒன்றும் மிச்சமில்லை. பிட் வாசலில் நின்ற கொழும்புக் காவலாளி பாஸ் இல்லாமல் யாரையும் விடமாட்டான். அதிகாரி என்னைப் பார்த்தார். எங்கள் வீதிக்கான கோப்பு அவருடைய மேசையில் கிடந்தது. அதைவிட, உண்மையைச் சொல்வதானால், 'ஏலாது' என்று சொல்லும் தலைவனாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

அந்த நேரம் பார்த்து மாரிமுத்து, பந்தலுக்குப் பின்னால் பிட்டுக்குப் போகும் வழியில் கட்டியிருந்த கயிற்றடிக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் தேசிக்காய் துருத்திக்கொண்டிருந்தது. கழுத்தில் சிவப்பு அட்டை.

நான் போய்க் கையை நீட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அட்டையைக் கழற்றி, கயிற்றை அதில் சுற்றி, இரண்டு கையாலும் தந்தார்.

"கொஞ்சம் நில்லும் மாரிமுத்து, வாறன்" என்றேன்.

"சரிங்க ஐயா. பெடியன் பாத்துக்கிட்டு இருப்பான்."

வன்னியில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு காலத்தில் இங்கிருந்து வவுனியாவுக்குப் போவதற்கும் பாஸ், வவுனியாவிலிருந்து அப்பால் போவதற்கும் பாஸ். தடையில் கை நீட்டுகிறவரிடம் அதைக் கொடுப்போம். அவர் அதைக் கொண்டு உள்ளே போவார். திருப்பித் தரும்வரை நின்ற இடத்தை விட்டு அசையமாட்டோம். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் பாஸ் போய்விடும். பாஸ் இல்லாதவன் முன்னுக்கும் போகமுடியாது, பின்னுக்கும் வரமுடியாது. இதை யாரும் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை. நின்று நின்று உடம்பில் ஏறியது. ஓமந்தைச் சோதனைத் தடையில் நானும் அப்படி வெயிலில் நின்றவன்தான். அதனால்தான் கையை நீட்டினால் போதும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அட்டையை மைத்துனரிடம் கொடுத்து, படம் எடுத்தவுடன் தரச் சொன்னேன். பிறகு சாப்பாடு, பொன்னாடை, பேச்சு என்று வேலைகள் வந்தன. பல வருடங்களாக நான் இந்தக் கதையைச் சொல்லும்போது, 'அந்தச் சந்தடியில் மறந்துவிட்டேன்' என்று சொல்லி வந்திருக்கிறேன். மறக்கவில்லை. பந்தலின் பின்பக்கம் திரும்பினால் அவர் தெரிந்தார். நான் இரண்டு தரமாவது திரும்பினேன். நிற்பார், நின்று பழகியவர்தானே என்று நினைத்தேன். என் மாமியை அப்படி நிறுத்தியிருப்பேனா என்று அன்று நினைக்கவில்லை. நான் வாயால் சொல்லாத அந்தச் சொல் எனக்குள்ளே எங்கே இருந்தது என்று இப்போது தெரிகிறது.

அவர் நின்ற இடத்திலிருந்து ஓட்டம் தெரியாது. பந்தலின் முதுகுதான் தெரியும். சத்தம் மட்டும் கேட்டிருக்கும்.

பந்தலில் இருந்த எனக்கு எல்லாம் தெரிந்தது. மோட்டார் சைக்கிள்கள் வரிசையில் நின்று உறுமின. கிருபா மட்டும் முகத்தைத் திருப்பிப் பிட் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொடி விழுந்தபோதும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி ஆளாகப் புறப்பட்டான். பிறகு அவன் ஓடிய ஓட்டத்தைக் கொழும்புக்காரரே எழும்பி நின்று பார்த்தார்கள். ஒவ்வொருவராகப் பிடித்துப் பிடித்து வந்தான். நாலாவதாக வந்தான்.

தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தான். முகமெல்லாம் சேறு.

"அப்பா எங்கை சேர்?"

நான் கையைக் காட்டினேன். அவன் போனான். நானும் பின்னால் போனேன். தபால் அதிபரும் வேறு சிலரும் வந்தார்கள்.

"ஏனப்பா இஞ்ச நிக்கிறியள்? கயித்தைத் தூக்கிப்போட்டு வந்திருக்கலாமே?"

"பாஸ் ஐயாகிட்ட இருக்குப்பா."

கிருபா என்னைப் பார்த்தான். நான் மைத்துனரைத் தேடிப் போனேன். அவர் ஏற்கெனவே வாகனத்தில் ஏறி, ஆனையிறவையும் தாண்டியிருப்பார். நான் திரும்பிவந்து சொன்னேன்.

"பாஸ் துலைஞ்சுபோச்சு மாரிமுத்து."

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு வெளி வாசலைப் பார்த்தார்.

"அப்ப நான் எப்பிடிங்க வெளிய போறது?"

பகிடிக்குக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தபால் அதிபர்தான் முதலில் வாய் திறந்தார்.

"மாரிமுத்து இன்னும் ஓமந்தையிலைதான் நிக்கிறான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கிருபா சிரிக்கவில்லை. தகப்பனின் சட்டைப் பையிலிருந்து தேசிக்காயை எடுத்து, கொஞ்ச நேரம் கைக்குள் வைத்திருந்துவிட்டு, கயிற்றடியில் வைத்துவிட்டுத் தன் மோட்டார் சைக்கிளை உருட்டப் போனான். மாரிமுத்து போகவில்லை. பந்தல் பிரிக்க வந்தவர்கள் அந்தக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டியபோதும் அவர் அங்கேதான் நின்றார்.

எங்களுக்கு வீதி வந்தது. கிருபா அந்த வருடமே மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டுக் கட்டாருக்கு வாகனம் ஓட்டப் போனான். மாரிமுத்து என்னை வீதியில் கண்டால் முன்போலவே 'ஐயா' என்பார். அதற்குமேல் ஒன்றும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஒரு நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் செத்துப்போனார்.

செத்தவீட்டுக்குப் போனேன். படலையடியில் கால் நின்றுவிட்டது. கட்டாரிலிருந்து வந்திருந்த கிருபா என்னைக் கண்டு வெளியே வந்தான்.

"ஏன் சேர் வெளியிலை நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோ. இஞ்ச பாஸ் கேக்க ஒருத்தரும் இல்லை."

குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. உள்ளே போய் இருந்தேன். கதிரை தந்தார்கள், தேத்தண்ணி தந்தார்கள்.

இப்போது அந்த வெளியில் இரண்டு போகமும் நெல் விளைகிறது. பள்ளங்களை மட்டம் தட்டிவிட்டார்கள். கழகம் பிறகு வரவில்லை. தபால் அதிபரும் இல்லை, பெரிய மாமியும் இல்லை. ஓமந்தையில் பஸ் நிற்காமல் போகிறது. சன்னல் பக்கம் இருப்பவர்கள் நித்திரையில் இருக்கிறார்கள். என் பேத்திக்குப் பாஸ் என்றால் பள்ளிக்கூடச் சோதினையில் எடுப்பது.

நேற்று வெயில் ஏற ஏற ஒழுங்கை காய்ந்தது. பவுசர் போய்விட்டது, மணமும் போய்விட்டது. ஒழுங்கை காய்ந்ததை நானும் கண்டேன், ஆனால் படலையைப் பிடித்தபடி நின்றுகொண்டேயிருந்தேன். பெடியன் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தான்.

"இனிப் போகலாம் ஐயா" என்றான்.

அப்படி ஒரு சொல்லை அன்று யாரும் மாரிமுத்துவுக்குச் சொல்லவில்லை.